ஒன்ராறியோவில் மீன்பிடியும் வேட்டையும்: யாருக்கு எந்த அனுமதிப்பத்திரம்?

கேள்வி இதுதான்: வேலை அனுமதியில் குடும்பத்துடன் ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. சிம்கோ ஏரி உறைந்துவிட்டது, பனிக்கட்டியில் துளை போட்டு மீன்பிடிக்கலாம் வாருங்கள் என்று நண்பர் ஒருவர் அழைக்கிறார். குடும்பத்துக்கு ஓர் அனுமதிப்பத்திரம் போதும், 65 வயது தாண்டியவர்களுக்கு அதுவும் வேண்டாம் என்கிறார். உடன் வருபவர்கள் மனைவி, பத்து வயது மகன், ஊரிலிருந்து சுப்பர் விசாவில் வந்திருக்கும் 67 வயது அப்பா. யாருக்கு எது தேவை? மான் வேட்டைக்கும் இதே அட்டைதானா?

நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் முதலாவது தவறு. இரண்டாவது அவருடைய அப்பாவுக்குப் பொருந்தலாம், உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. குடும்ப அனுமதிப்பத்திரம் என்ற ஒன்றே ஒன்ராறியோவில் கிடையாது. தூண்டிலைக் கையில் பிடிப்பவர் ஒவ்வொருவரும் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். உங்கள் மனைவி வெறுமனே தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றால் அவருக்கு எதுவும் வேண்டாம்; கொஞ்ச நேரம் நீங்கள் பிடியுங்கள் என்று தூண்டிலை அவரிடம் நீட்டினால் அந்த நிமிடமே அவருக்கும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை வதிவிடம்தான். இதில்தான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள், ஏனென்றால் குடிவரவு அலுவலகத்தின் பாகுபாடுகளை அப்படியே இங்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். மீன்பிடி அனுமதிக்குக் கடவுச்சீட்டின் நிறம் ஒரு பொருட்டே அல்ல. குடியுரிமை உள்ளவரா, நிரந்தர வதிவிட உரிமை பெற்றவரா, மாணவரா, அகதிக் கோரிக்கையாளரா என்று யாரும் கேட்பதில்லை. பார்ப்பது இரண்டே விஷயங்கள்: உங்கள் முதன்மையான வீடு ஒன்ராறியோவில் இருக்கிறதா? விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் தொடர்ச்சியாக ஆறு மாதமாவது இங்கே வாழ்ந்திருக்கிறீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் நீங்கள் ஒன்ராறியோ வதிவாளர். கனடாவின் வேறு மாகாணத்தில் வசிப்பவருக்கும் இதே ஆறு மாதக் கணக்கு உண்டு. அவர் கனடிய வதிவாளர் என்ற நடு வகையில் வருவார். இரண்டிலும் சேராதவர் வெளிநாட்டவர் வகை.

இந்தக் கணக்கு சில வேடிக்கையான முடிவுகளைத் தரும். கனடியக் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு ஐந்து வருடமாக டுபாயில் வேலை செய்துவிட்டுக் கோடை விடுமுறைக்கு வருகிறவர் இங்கே வெளிநாட்டவர். படிக்க வந்து ஏழு மாதமாக மார்க்கம் நிலவறை வீடு ஒன்றில் வசிக்கும் மாணவர் ஒன்ராறியோ வதிவாளர். நான்கு மாதம் மட்டுமே ஆன நீங்கள், இன்றைய தேதிக்கு வெளிநாட்டவர் வகை. இன்னும் இரண்டு மாதம் கழிந்தால் வதிவாளர். அதற்குள் அவசரப்பட்டு வதிவாளர் என்று தட்டிவிடாதீர்கள். இணையத்தில் அந்தப் பெட்டியில் குறி போடும்போது யாரும் ஆதாரம் கேட்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் பொய்த் தகவல் கொடுத்து அனுமதி பெறுவது தனிக் குற்றம். புதிதாக வந்து காலூன்றும் காலத்தில் ஒரு வழக்கை விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

இனி அப்பா. 18 வயதுக்குக் குறைந்தவர்களும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டாம் என்ற சலுகை கனடாவில் வதிபவர்களுக்கு மட்டுமே. அவர்களுக்குப் பெயரும் பிறந்த தேதியும் உள்ள அரசு அடையாள அட்டையே அனுமதிப்பத்திரமாகக் கொள்ளப்படும். அதை வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது. உங்கள் அப்பாவின் வீடு ஊரில் இருக்கிறது. சுப்பர் விசாவில் எத்தனை மாதம் தங்கினாலும் அவர் விருந்தாளி. முதன்மை வீடு என்ற முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடுகிறார். 67 வயதானாலும் பணம் கட்டித்தான் தூண்டில் போட வேண்டும். பின்னாளில் அவர் நிரந்தரமாகவே இங்கு குடிவந்து ஆறு மாதம் கடந்தால் கதை மாறும். மகனுக்கும் இதே தர்க்கம்தான், சிறு வேறுபாட்டோடு: வெளிநாட்டவர் வகையிலுள்ள 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை, அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் கூட இருந்தால் தனியாக வாங்காமலே மீன்பிடிக்கலாம். ஆனால் பிள்ளை பிடித்து வைத்துக்கொள்ளும் மீன் உங்கள் கணக்கில் சேரும். நீங்கள் வதிவாளராகிவிட்ட பிறகு மகனுக்கு அவனுடைய சொந்தக் கணக்கு.

என்ன வாங்குவது? வழக்கமான முறையில் முதலில் அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அட்டை எடுக்க வேண்டும். மூன்று நாட்காட்டி ஆண்டுகளுக்குச் செல்லும், 8.57 டொலர், வரி தனி. அதற்கு மேல் மீன்பிடி அனுமதி. அதில் இரண்டு வகை: முழு அளவுக்கான ஸ்போர்ட், குறைந்த அளவுக்கான கொன்சர்வேஷன். ஒன்ராறியோ வதிவாளருக்கு ஓராண்டு ஸ்போர்ட் 26.57 டொலர், கொன்சர்வேஷன் 15.07 டொலர். வெளிநாட்டவருக்கு ஓராண்டு ஸ்போர்ட் ஏறத்தாழ மூன்று மடங்கு. இவை தவிர எட்டு நாள் அனுமதி வெளிநாட்டவருக்கு உண்டு. ஒரு நாள் அனுமதி எல்லோருக்கும் உண்டு, அதற்கு அவுட்டோர்ஸ் கார்ட் தேவையில்லை. உங்கள் நிலையில் நான் செய்வது: நீங்களும் மனைவியும் அப்பாவும் தூண்டில் போடுவதாக இருந்தால் மூவருக்கும் அந்த நாளுக்கு மட்டும் வெளிநாட்டவர் ஒரு நாள் அனுமதி. ஆறு மாதம் நிறைந்ததும் நீங்களும் மனைவியும் வதிவாளராக அட்டை எடுத்துக்கொள்ளலாம். ஓராண்டு அனுமதி என்பது வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு அல்ல, டிசம்பர் 31 வரைதான். நவம்பரில் ஓராண்டு அனுமதி வாங்கிவிட்டு அடுத்த தையில் அதோடு ஏரிக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இலவச நாட்கள் பற்றியும் யாராவது சொல்லுவார்கள். பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதி, மே மாதத்தில் அன்னையர் தினம், ஜூனில் தந்தையர் தினம், கனடா தினத்தை ஒட்டிய ஒரு வாரம் ஆகிய காலங்களில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மீன்பிடிக்கலாம். இதுவும் கனடிய வதிவாளர்களுக்கு மட்டும்தான். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், கொன்சர்வேஷன் அளவைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு இந்தக் குடும்ப தினம் உதவாது, அன்னையர் தினம் உதவும்.

வாங்குவது ஐந்து நிமிட வேலை. மாகாண அரசின் இணையதளத்திலோ, சில சர்வீஸ் ஒன்ராறியோ நிலையங்களிலோ, தூண்டில் இரை விற்கும் பல கடைகளிலோ முடித்துக்கொள்ளலாம். அச்சிட்டும் வைத்துக்கொள்ளலாம், கைத்தொலைபேசியிலும் வைத்துக்கொள்ளலாம். உறைபனியில் கைத்தொலைபேசி பற்றரி எப்படி விழும் என்று தெரிந்தவர்கள் அச்சிட்டுத்தான் வைத்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: நம்மவர்களில் நான் அறிந்த அளவில், அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாட்டுகிறவர்களைவிட, அனுமதிப்பத்திரம் வைத்துக்கொண்டே மாட்டுகிறவர்கள்தான் அதிகம். காரணம், பணம் கட்டியாயிற்று, இனிப் பிடிப்பது நம் பாடு என்ற எண்ணம். மாகாணத்தை 20 மீன்வள வலயங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த வலயம், எந்த மீன், எந்தக் காலம், எத்தனை, எந்த நீளம் என்று ஒவ்வொன்றுக்கும் விதி இருக்கிறது. ரொறன்ரோக் கரையில் நின்று ஒன்ராறியோ ஏரியில் தூண்டில் போட்டால் 20ஆம் வலயம். சிம்கோ 16ஆம் வலயம். கோடையில் பீற்றர்பரோப் பக்கம் கவார்த்தா ஏரிகளுக்குக் குடில் எடுத்துப் போனால் அது 17. ஒரே மீனுக்கு இந்த மூன்று இடத்திலும் ஒரே விதி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் வெளிவரும் விதிச்சுருக்கத்தில் மீனின் பெயருக்கு நேரே 'எஸ் 50, சி 25' என்பது போல் இருக்கும். எஸ் ஸ்போர்ட், சி கொன்சர்வேஷன். சிம்கோவில் மஞ்சள் பேர்ச் மீனுக்கு இருப்பது இந்த எண்ணிக்கைதான். கை நீளம்கூட இல்லாத மீன். பொரித்தால் நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளுக்கு 25 பேர்ச் தாராளம் என்பது என் எண்ணம், மலிவான கொன்சர்வேஷன் அனுமதியே போதும். ஐம்பது பேர்ச்சைச் செதிள் நீக்கிச் சுத்தம் செய்து பார்த்தவர்கள் அடுத்த வருடம் தாமாகவே கொன்சர்வேஷனுக்கு மாறுவார்கள்.

அந்த எண்ணிக்கை ஒரு நாளுக்கு உரியது என்று மட்டும் நினைத்தால் அங்கேயும் பொறி இருக்கிறது. வேறு குறிப்பு இல்லாவிட்டால், உங்கள் வசம் மொத்தமாக வைத்திருக்கக்கூடிய அளவும் அதுவேதான். சனிக்கிழமை பிடித்து உறைபெட்டியில் போட்டதும் கணக்கில் உண்டு. சனி 25, ஞாயிறு 25 என்று கொன்சர்வேஷனில் சேர்க்க முடியாது. சனி பிடித்ததைச் சாப்பிட்டு முடித்திருந்தால் மட்டும் ஞாயிறு புதுக் கணக்கு. அதேபோல, கரையில் நின்று பிடித்து வாளியில் போட்டுவிட்டால் அந்த மீன் உங்கள் கணக்கில் விழுந்துவிட்டது. பெரியது கிடைத்ததும் சிறியதைத் திருப்பி விட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்ட முடியாது.

மாசி மாதத்தில் ஏரிக்கரை வாகனத் தரிப்பிடத்தில் நடக்கும் ஒரு சோதனையைப் பார்த்திருக்கிறேன். அதிகாரி குளிர்பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே பொலித்தீன் பை ஒன்றில் வெள்ளை வெளேரென்று மீன் துண்டுகள், தோல் இல்லாமல், முள் இல்லாமல், ஒன்றோடொன்று உறைந்து ஒரே கட்டியாக. கொண்டுவந்தவர் மிகவும் சுத்தமான மனிதர். வீட்டுக்காரிக்கு வேலை வைக்கக்கூடாது என்று அங்கேயே கத்தியோடு உட்கார்ந்து அத்தனையையும் முடித்திருக்கிறார். அதிகாரி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார்: இது என்ன மீன்? எத்தனை மீன்? இரண்டுக்கும் மனிதரின் வாய்மொழி தவிர வேறு பதில் அந்தப் பையில் இல்லை. விதி என்னவென்றால், கொண்டு போகும் மீனை எண்ணவும், இனம் கண்டுபிடிக்கவும் முடிய வேண்டும். நீளக் கட்டுப்பாடு உள்ள மீனாக இருந்தால் அளக்கவும் முடிய வேண்டும். துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டிலும் தோலில் ஒரு பெரிய பகுதியை விட்டுவைக்க வேண்டும், கட்டியாக உறையவிடக்கூடாது. என் யோசனை, முழு மீனாகவே வீட்டுக்குக் கொண்டு போங்கள். நம் சமையலுக்கு எப்படியும் தலை வேண்டும்.

இந்த அதிகாரிகளை ஏதோ பூங்காக் காவலாளி என்று எண்ணிப் பேசிவிடாதீர்கள். கொன்சர்வேஷன் ஒபிசர் என்பவர் வாரண்ட் இல்லாமலே உங்கள் பெட்டி, படகு, வாகனம் எல்லாவற்றையும் சோதிக்கலாம். வீட்டுக்குள் நுழையத்தான் வாரண்ட் வேண்டும். 1997ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தனியாளுக்கு உச்சத் தண்டம் 25,000 டொலர், ஓராண்டுச் சிறை வரை போகலாம். வணிக நோக்கத்தோடு செய்தது என்றால் 100,000 டொலர், இரண்டு ஆண்டு. சாதாரணத் தவறுக்கு அந்த உச்சம் வராது. ஆனால் பிடித்த மீனை விற்பது மட்டும் எந்த அளவிலும் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் 'ஏரி மீன் இருக்கிறது, கிலோ இவ்வளவு' என்று போடுகிறவர்கள் தமக்கெதிரான சாட்சியைத் தாமே எழுதி வைக்கிறார்கள். பண்டமாற்றும் அதே குற்றம்தான்.

காலம் மூடியிருக்கும் மீனைப் பிடித்துவிட்டுத் திருப்பி விட்டால் குற்றமில்லை என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. பாஸ் மீனுக்கு சிம்கோப் பக்கம் ஜூன் பிற்பகுதியில்தான் காலம் திறக்கும். அதற்கு முன் அது முட்டையைக் காவல் காக்கிற பருவம். அந்த நேரத்தில் அதைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே தவறு, திருப்பி விட்டாலும் தவறு. தற்செயலாக மாட்டினால் அந்தக் கணமே தண்ணீரில் விட வேண்டும், படம் எடுக்கும் வேலை வேண்டாம். இலையுதிர் காலத்தில் ஸ்காபரோ ஹைலன்ட் ஓடையில் சமன் மீன்கள் முதுகு தெரிய ஏறி வரும்போது கையால் அள்ளவும், தூண்டில் முள்ளை மீனின் உடம்பில் குத்தி இழுக்கவும் சிலருக்குக் கை துறுதுறுக்கும். இரண்டுமே சட்டவிரோதம். வாயில் அல்லாமல் உடம்பில் குத்திய மீனை வைத்துக்கொள்ள முடியாது.

பனிக்கட்டி மீன்பிடிக்கென்று சில சிறப்பு விதிகள். சாதாரணமாக ஒருவருக்கு ஒரு தூண்டில். பனிக்கட்டியில் இரண்டு போடலாம். ஆனால் தூண்டிலிலிருந்து 60 மீற்றருக்குள் இருக்க வேண்டும், தூண்டில் மறைவின்றிக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாகனத்துக்குள் போய்ச் சூடேற்றிக்கொண்டு கண்ணயர்ந்தால் அது மீறல். உயிருள்ள சிறு மீனை இரையாகப் போடுவதாக இருந்தால், 2022இலிருந்து மாகாணம் நான்கு இரை வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதை நினைவில் வையுங்கள். ஒரு வலயத்து இரையை மற்றதற்குக் கொண்டு போக முடியாது. உங்கள் வீடு இருக்கும் வலயத்துக்கு வெளியே மீன்பிடித்தால், இரை வாங்கிய பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். மிச்சமான இரையை ஏரியில் கொட்டுவதும் கூடாது. இதற்கெல்லாம் காரணம் அந்நிய உயிரினப் பயம். அந்தப் பயத்தில் நம் விராலும் அகப்பட்டிருக்கிறது: விரால் குடும்பத்து மீன்களை உயிரோடு வைத்திருப்பது ஒன்ராறியோவில் தடை. கடையில் உறைந்த விரால் வாங்கிக் குழம்பு வைக்கலாம். உயிரோடு தொட்டியில் வளர்க்கலாம் என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

பிடித்ததைச் சாப்பிடுவது பற்றியும் ஒரு வார்த்தை. மாகாண அரசு, மீன்களைச் சோதித்த ஏரிகளுக்கு, மீன்வாரியாக, நீளவாரியாக மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று வழிகாட்டி வெளியிடுகிறது. சிறு பிள்ளைகளுக்கும் பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களுக்கும் தனிக் கணக்கு. பெரிய மீனில் பாதரசம் கூடுதல். பெரிய மீன் கிடைத்தால் பெருமைக்குப் படம் எடுத்துவிட்டு, காலமும் அளவும் இடம் கொடுத்தால் சின்னதைச் சமைப்பதுதான் புத்தி.

ஏரியில் சில பழங்குடியினர் அனுமதிப்பத்திரமும் எண்ணிக்கையும் இல்லாமல் மீன் எடுப்பதைக் கண்டு, அவர்களுக்கு ஒரு சட்டம் எங்களுக்கு ஒரு சட்டமா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. ஆம், வேறு சட்டம்தான். 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு அவர்களுடைய உரிமையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1990இல் உச்ச நீதிமன்றம் ஸ்பாரோ வழக்கில் அதை உறுதிப்படுத்தியது. மாகாணம் நமக்குக் கொடுப்பது சலுகை, அவர்களிடம் இருப்பது உரிமை. நிலத்தைப் பறிகொடுத்த வரலாறு தெரிந்த நம்மவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கக்கூடாது.

எல்லை தாண்டினால் எல்லாம் புதிது. நயாகரா ஆற்றின் நடுக்கோட்டுக்கு அப்பால் ஒன்ராறியோ அனுமதி செல்லாது, நியூயோர்க் மாநில அனுமதி வேண்டும். அங்கே வதிவாளராவதற்கு 30 நாள் போதும், இங்குபோல ஆறு மாதம் அல்ல. பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போனால் நன்னீருக்கு மாகாண அனுமதி, கடலுக்கு மத்திய அரசின் தனி அனுமதி.

இனி மான் வேட்டை. அட்டையின் பெயர் அவுட்டோர்ஸ் கார்ட்தான், ஆனால் மீன்பிடிக்கு எடுத்த அட்டை வேட்டைக்குச் செல்லாது. முதலில் ஒன்ராறியோ வேட்டைக்காரர் கல்விப் பயிற்சியை முடித்துத் தேர்வில் தேற வேண்டும். துப்பாக்கி என்றால் அதற்கு மேல் மத்திய அரசின் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி, பின்னர் துப்பாக்கி உரிமம். முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு, பின்னணி விசாரணையும் உண்டு. வில்லோடும் குறுக்குவில்லோடும் போகிறவருக்குச் சாதாரணமாகத் துப்பாக்கி உரிமம் தேவையில்லை. வேட்டைப் பயிற்சி தேவை. இவை முடிந்தபின் விலங்குவாரியாக அனுமதி: முயல் போன்ற சிறு விலங்குகளுக்கு ஒன்று, மானுக்கு ஒன்று. வாத்து, கூஸ் போன்ற வலசைப் பறவைகளுக்கு மத்திய அரசின் தனி அனுமதியும் முத்திரையும் சேர்த்து.

வதிவிடம் இங்கே இன்னும் அழுத்தமாகப் பேசும். மீனில் வெளிநாட்டவருக்குப் பணம்தான் கூடுதல். வேட்டையில் சில கதவுகளே மூடியிருக்கும். எல்க் என்ற பெரிய மான் இனம் ஒன்ராறியோ வதிவாளர்களுக்கு மட்டும். மூஸ் என்ற இன்னும் பெரிய மான் இனம், கரடி இரண்டுக்கும் வெளிநாட்டவர் பெரும்பாலும் அனுமதி பெற்ற வேட்டைச் சுற்றுலா நிறுவனம் ஒன்றின் மூலமாகத்தான் போக முடியும். வதிவாளருக்கும் மூஸ் கேட்டவுடன் கிடைப்பதில்லை. 2021இலிருந்து புள்ளி முறை, விண்ணப்பித்துக் கிடைக்காத ஆண்டுகள் சேர்ந்து முன்னுரிமை தரும். ஆகவே வதிவாளராகும்வரை வேட்டைக்கு அவசரப்பட வேண்டாம், பயிற்சி வகுப்புகளை மட்டும் முடித்து வையுங்கள்.

இடமும் பெரிய விஷயம். நகரங்களில் துப்பாக்கி வெடிப்பதே உள்ளூர் விதியால் தடை. தெற்கு ஒன்ராறியோவில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது, உரிமையாளரின் அனுமதி வேண்டும். பிரெஞ்சு, மத்தாவா ஆறுகளுக்குத் தெற்கே ஞாயிற்றுக்கிழமைத் துப்பாக்கி வேட்டை அந்தந்த நகராட்சி இடம் கொடுத்தால் மட்டுமே. மான் துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 2,580 சதுர சென்ரிமீற்றர் பளிச்சென்ற செம்மஞ்சள் உடையும், அதே நிறத் தொப்பியும் கட்டாயம். வில்லோடு போகிறவருக்கும் அந்தப் பருவத்தில் விலக்கில்லை. சுட்ட மானுக்கு உடனே அனுமதிச் சீட்டில் குறியிட வேண்டும், பின்னர் வேட்டை அறிக்கையும் கொடுக்க வேண்டும். மான் கிடைக்காவிட்டாலும் அறிக்கை உண்டு, கொடுக்காதவருக்குத் தண்டம் உண்டு. இறைச்சியை விற்க முடியாது, கொடுக்கலாம்.